பன்னிரண்டு கோத்திரம்: எண்ணினால் பதின்மூன்று வருவது ஏன்?

சின்ன வயதில் சர்ச்சில் நடந்த வேத வினாடி வினாவில் எனக்கு ஒரு மார்க் போனது. "இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களைச் சொல்" என்பது கேள்வி. ரூபன், சிமியோன், லேவி, யூதா என்று ஆரம்பித்து யோசேப்பு, பென்யமீன் என்று மூச்சுவிடாமல் முடித்தேன். தப்பு என்றுவிட்டார்கள். எனக்கு அடுத்து நின்ற பையன் லேவியையும் யோசேப்பையும் விட்டுவிட்டு எப்பிராயீம், மனாசே என்று இரண்டு பெயரைச் சேர்த்துச் சொன்னான். அவனுக்குக் கைதட்டல்.

வீட்டுக்கு வந்து பைபிளைப் புரட்டினால், நான் சொன்ன பட்டியலும் இருக்கிறது, அவன் சொன்ன பட்டியலும் இருக்கிறது. கடைசிப் புத்தகத்துக்குப் போனால் இரண்டோடும் ஒட்டாத மூன்றாவது பட்டியல் ஒன்று. பெயர்கள்தான் மாறுகின்றன, எண்ணிக்கை மட்டும் அசையாமல் பன்னிரண்டிலேயே நிற்கிறது. யாரை உள்ளே சேர்த்தார்கள், யாரை வெளியே விட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இஸ்ரவேலின் கதை முழுவதும் வந்துவிடும். பைபிள் பக்கமே போகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சொல். 'கோத்திரம்' என்றதும் நம் ஊரில் ரிஷியின் பெயரும், ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கக்கூடாது என்ற விதியும் நினைவுக்கு வரும். தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், பொருள் மட்டும் வேறு. இஸ்ரவேலில் சொந்தக் கோத்திரத்துக்குள் கல்யாணம் செய்யத் தடையில்லை. ஒரு சந்தர்ப்பத்தில் அப்படித்தான் செய்யவேண்டும் என்றே சட்டம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'குலம்' என்றிருக்கும். எபிரெய மூலத்தில் 'ஷேவெத்', 'மத்தே' என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் கோல், தடி. குலத்தலைவன் கையில் இருக்கிற கோல், அவன் பின்னால் வருகிற கூட்டத்துக்கே பெயராகிவிட்டது.

கோத்திரத்துக்குள் வம்சம், வம்சத்துக்குள் தகப்பன் வீடு, அதற்குள் ஆள். யோசுவா 7ஆம் அதிகாரத்தில் இது அழகாகத் தெரியும். எரிகோவில் கொள்ளையடித்த பொருளை யாரோ ஒளித்து வைத்துவிட்டார்கள். திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாக் கோத்திரமும் வரிசையாக வர, யூதா கோத்திரம் குறிக்கப்படுகிறது. அதில் சேராகின் வம்சம், அதில் சப்தியின் வீடு, அந்த வீட்டில் ஒவ்வொருவராக வர, ஆகான் மாட்டிக்கொள்கிறான். தபால் விலாசத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கிற மாதிரி: மாநிலம், ஊர், தெரு, கதவு எண். ஒரு இஸ்ரவேலன் "நான் யார்" என்று சொல்ல இந்த நாலும் வேண்டும்.

ஒரு வீட்டுச் சண்டையில் தொடங்கியது

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் சொல்கிறபடி, ஆபிரகாமின் பேரன் யாக்கோபு. தாய்மாமன் லாபான் வீட்டில் வேலைக்கு இருந்து, இளைய மகள் ராகேலைக் கட்ட ஆசைப்பட்டான். ஏழு வருஷம் உழைத்தான். கல்யாண இரவு விடிந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பது மூத்தவள் லேயாள். ராகேலுக்காக மேலும் ஏழு வருஷம். அக்காளும் தங்கையும் சக்களத்திகள். போதாததற்கு இருவரும் தங்கள் வேலைக்காரிகளான சில்பாளையும் பில்காளையும் யாக்கோபுக்கு மனைவியாகக் கொடுத்தார்கள். நாலு பெண்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண் பிள்ளைகள். தீனாள் என்று ஒரு மகளும் உண்டு, அவள் பெயரில் கோத்திரம் கிடையாது.

லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன். பில்காளுக்குத் தாண், நப்தலி. சில்பாளுக்குக் காத், ஆசேர். ராகேலுக்கு யோசேப்பு, பென்யமீன். ஒவ்வொரு பெயரும் அந்த வீட்டுப் போட்டியில் யார் முந்துகிறார்கள் என்பதற்கான குறிப்பு. முதல் பிள்ளை பிறந்ததும் லேயாள் "இதோ, மகன்" என்கிறாள்: ரூபன். இனியாவது புருஷன் தன்னோடு சேர்ந்திருப்பான் என்று மூன்றாவது பிள்ளைக்கு லேவி. நாலாவது பிறந்ததும் புருஷனை மறந்துவிட்டுக் கடவுளைத் துதிக்கிறாள்: யூதா.

எனக்கு இதில் பிடித்தது இசக்காரின் கதை. கோதுமை அறுப்புக் காலம். சிறுவன் ரூபன் வயலிலிருந்து தூதாயீம் கனிகளைப் பறித்துவந்து அம்மாவிடம் கொடுக்கிறான். பிள்ளை வரம் தரும் என்று அந்தக் காலத்தில் நம்பப்பட்ட கனி. பிள்ளையில்லாத ராகேல் "எனக்கும் கொஞ்சம் கொடு" என்கிறாள். லேயாள் வெடிக்கிறாள்: என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் பிள்ளை கொண்டுவந்த கனியும் வேண்டுமா? பேரம் நடக்கிறது. கனிக்குப் பதிலாக அன்று இரவு புருஷன் லேயாள் வீட்டில். சாயங்காலம் வயலிலிருந்து திரும்புகிற யாக்கோபை லேயாள் வழியிலேயே மறித்து, "உன்னை நான் கூலிக்கு எடுத்திருக்கிறேன்" என்கிறாள். அப்படிப் பிறந்தவன் இசக்கார். எபிரெயத்தில் 'சகார்' என்றால் கூலி. புனித நூலில் இப்படி ஒரு காட்சியை ஒளிக்காமல் வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தோன்றும்.

இந்த யாக்கோபு ஒரு இரவு யாப்போக்கு ஆற்றுத் துறையில் தனியாக இருக்கும்போது ஒரு ஆள் வந்து விடியும்வரை மல்லுக்கட்டுகிறான். தொடைச்சந்து சுளுக்கியும் யாக்கோபு விடவில்லை. அப்போது கிடைத்த புதுப்பெயர்தான் இஸ்ரவேல். ஆக, இஸ்ரவேல் முதலில் ஒரு ஆளின் பெயர். அப்புறம் அவன் சந்ததி முழுவதற்கும் பெயர். பின்னால் வடக்கே இருந்த ஒரு ராஜ்யத்துக்கு மட்டும் பெயர். பைபிள் படிக்கும்போது எந்த இஸ்ரவேல் என்று நின்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பதின்மூன்றாவது ஆள்

யோசேப்பு எகிப்தில் பெரிய அதிகாரியானதும், பஞ்சத்தில் குடும்பம் முழுவதும் அங்கே போனதும் பலருக்குத் தெரிந்த கதை. யாக்கோபு சாகக் கிடக்கும்போது யோசேப்பு தன் இரண்டு பிள்ளைகளையும் ஆசீர்வாதத்துக்குக் கூட்டிவருகிறான். கிழவனுக்குப் பார்வை மங்கிவிட்டது. மூத்தவன் மனாசே கிழவனின் வலது கைக்கு நேராகவும், இளையவன் எப்பிராயீம் இடது கைக்கு நேராகவும் இருக்கும்படி யோசேப்பு நிறுத்துகிறான். கிழவன் கைகளைக் குறுக்காக மாற்றி, வலது கையை இளையவன் தலையில் வைக்கிறான். "அப்படியல்ல அப்பா, இவன்தான் மூத்தவன்" என்று யோசேப்பு கையைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறான். "தெரியும் மகனே, எனக்குத் தெரியும்" என்கிறான் கிழவன். ரூபனும் சிமியோனும் எனக்கு எப்படியோ அப்படியே இவர்களும் என் பிள்ளைகள் என்று ஏற்கெனவே சொல்லியும் விட்டான்.

பேரன்கள் இருவரும் பிள்ளைகள் ஆனார்கள். கணக்கு இங்கேதான் தடம் மாறுகிறது. பன்னிரண்டில் யோசேப்பு போய் இரண்டு பேர் வந்தால் பதின்மூன்று. அதைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவர ஒருவரை வெளியே எடுக்க வேண்டும். வெளியே போனது லேவி.

லேவி எப்படிப் போனான் என்பது எண்ணாகமத்தில் கணக்குப் புத்தகம் மாதிரி எழுதியிருக்கிறது. மோசேயின் தலைமையில் எகிப்தைவிட்டு வெளியேறிய பிறகு சீனாய் வனாந்தரத்தில் மக்கள்தொகை எடுக்கிறார்கள். இருபது வயதுக்கு மேற்பட்ட, போருக்குப் போகக்கூடிய ஆண்கள் மட்டும் கணக்கு: மொத்தம் 6,03,550 பேர். யூதா 74,600 பேரோடு முதலிடம். லேவியர் இதில் சேரவில்லை, அவர்களைத் தனியாக எண்ணினார்கள். எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்த இரவில் இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகள் தப்பித்ததால் அவர்கள் எல்லாரும் கடவுளுக்குச் சொந்தம்; அவர்களுக்குப் பதிலாக லேவி கோத்திரம் முழுவதையும் ஆலய வேலைக்கு எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஆளுக்கு ஆள் ஈடு. தலைப்பிள்ளைகள் 22,273, லேவியர் 22,000. மிச்சம் 273 பேருக்கு ஈடாக ஆள் இல்லை. சரி, தலைக்கு 5 சேக்கல் வெள்ளி கட்டுங்கள் என்று 1,365 சேக்கல் வசூலித்து ஆசாரியன் ஆரோனிடம் கொடுத்தார்கள்.

கணக்கில் கெட்டியானவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். அதே அதிகாரத்தில் லேவியின் மூன்று வம்சங்களுக்கும் தனித்தனி எண் இருக்கிறது: கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200. கூட்டினால் 22,300. முந்நூறு உதைக்கிறது. அந்த முந்நூறு பேர் லேவியரிலேயே தலைப்பிள்ளைகள், ஒரு தலைப்பிள்ளை இன்னொரு தலைப்பிள்ளைக்கு ஈடாக முடியாது என்று யூத மதகுருக்களான ரபிகள் தங்கள் சட்ட விளக்க நூலான தல்மூதில் பதில் சொன்னார்கள். நகல் எடுத்தவர்களின் கைப்பிழை என்பார்கள் இன்றைய ஆய்வாளர்கள். ஆறு லட்சம் வீரர் என்பதையே பலர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆயிரம் என்று பொருள்படும் 'எலெப்' என்ற சொல்லுக்குக் குடும்பக்கூட்டம், படைப்பிரிவு என்றும் பொருள் உண்டு என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று.

ஆக, விதி இதுதான். யாக்கோபின் பிள்ளைகள் யார் என்று கேட்டால் லேவியும் யோசேப்பும் உள்ளே. படைக்கும் நிலத்துக்கும் கணக்குப் பார்த்தால் அவர்கள் வெளியே, எப்பிராயீமும் மனாசேயும் உள்ளே. வனாந்தரத்தில் கூடாரம் போட்டதும் இரண்டாவது கணக்கின்படிதான். நடுவில் கடவுளை வழிபடும் ஆசரிப்புக்கூடாரம், அதைச் சுற்றி லேவியர். அதற்கு வெளியே கிழக்கில் யூதா, இசக்கார், செபுலோன். தெற்கில் ரூபன், சிமியோன், காத். மேற்கில் எப்பிராயீம், மனாசே, பென்யமீன். வடக்கில் தாண், ஆசேர், நப்தலி. புறப்படும்போது யூதாவின் கொடி முதலில் நகரும்.

பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் நாலு வரிசையில் பன்னிரண்டு கற்கள், கல்லுக்கு ஒரு பெயர். தமிழ் பைபிளில் பத்மராகம், புஷ்பராகம், மரகதம், வைடூரியம், கோமேதகம் என்று படிக்கும்போது நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எபிரெயப் பெயர்களில் பலவும் எந்தக் கல்லைக் குறிக்கின்றன என்று இன்றுவரை முடிவாகவில்லை. மொழிபெயர்த்தவர்கள் நமக்குத் தெரிந்த ரத்தினப் பெயர்களைக் கொண்டு இடத்தை நிரப்பினார்கள். ராசிக்கல் விற்பவர்கள் இதை ஆதாரமாகக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏன் இந்தப் பன்னிரண்டு?

ஆதியாகமத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஆபிரகாமின் இன்னொரு மகன் இஸ்மவேலுக்கும் பன்னிரண்டு பிரபுக்கள். ஆபிரகாமின் தம்பி நாகோருக்கும் பன்னிரண்டு பிள்ளைகள்: மனைவிக்கு எட்டு, மறுமனையாட்டிக்கு நாலு. யாக்கோபுக்கும் அப்படியேதான், மனைவிகளுக்கு எட்டு, வேலைக்காரிகளுக்கு நாலு. ஒரு இனம் முழுமையாக இருக்கிறது என்று சொல்ல அந்தப் பகுதி மக்களுக்குப் பன்னிரண்டு ஒரு வசதியான எண்ணாக இருந்திருக்கிறது. 1930இல் மார்ட்டின் நோத் என்ற ஜெர்மன் அறிஞர், பழைய கிரேக்கத்தில் ஒரு கோவிலைச் சுற்றி ஊர்கள் கூட்டணி வைத்துக்கொண்டது போல இஸ்ரவேலும் பன்னிரண்டு குலங்களின் கூட்டணி என்றார். மாதம் ஒரு குலம் என்று முறைவைத்து ஆலயத்தைப் பராமரித்திருக்கலாம் என்பது அந்தக் கோட்பாட்டின் ஒரு பகுதி. சில பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. இப்போது அதை அப்படியே ஏற்பவர்கள் குறைவு. ஆனால் எல்லாரும் ஒரே அப்பாவின் ரத்தவாரிசு என்பதைவிட, வெவ்வேறு கூட்டங்கள் காலப்போக்கில் ஒன்றுசேர்ந்து, ஒரு குடும்பக் கதையால் தங்களைக் கட்டிக்கொண்டன என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையே பரவலாக இருக்கிறது. விசுவாசிகள் பலர் இதை ஏற்கமாட்டார்கள்.

பைபிளுக்கு வெளியே சாட்சி உண்டா? மூன்று சொல்லலாம். எகிப்து அரசன் மெர்நெப்தாவின் கல்வெட்டு, சுமார் கி.மு. 1208. 1896இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் கண்டெடுத்தது. அதில் இஸ்ரவேல் என்ற பெயர் வருகிறது, பக்கத்தில் இருக்கிற குறி நாட்டைக் காட்டாமல் மக்கள்கூட்டத்தைக் காட்டுகிறது. அக்கம்பக்கத்து ஊர்களுக்கு எல்லாம் நாட்டுக்குறி போட்டவன் இவர்களுக்கு மட்டும் மக்கள்குறி போட்டிருக்கிறான். அடுத்தது, 1868இல் யோர்தானின் திபான் ஊரில் கிடைத்த மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டு, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. "காத் மனிதர்கள் அதரோத் தேசத்தில் நெடுங்காலமாகக் குடியிருந்தார்கள்" என்று எதிரியே எழுதிவைத்திருக்கிறான். எண்ணாகமம் 32இல் காத் புத்திரர் கட்டிய ஊர்களில் அதரோத் இருக்கிறது. மூன்றாவது சாட்சி ஐந்து பெண்களோடு சம்பந்தப்பட்டது.

நிலம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள்

கடவுள் வாக்களித்த கானான் தேசத்துக்குள் நுழைவதற்கு முன்பே ரூபனும் காத்தும் மோசேயிடம் வந்து, எங்களுக்கு ஆடுமாடு நிறைய இருக்கிறது, யோர்தானுக்குக் கிழக்கே இருக்கிற மேய்ச்சல் நிலமே போதும் என்றார்கள். மனாசேயில் பாதியும் அங்கே தங்கியது. மற்றவர்களில் யூதாவும் யோசேப்பு மக்களும் முதலில் பங்கு பெற, மிச்சம் ஏழு கோத்திரங்களுக்கு, மோசேக்குப் பின் தலைவரான யோசுவா சீலோவில் சீட்டுப்போட்டுப் பிரித்துக் கொடுத்தார். லேவிக்கு நிலமே இல்லை. மற்ற கோத்திரங்களுக்குள் அங்கங்கே 48 ஊர்களும், எல்லாருடைய விளைச்சலிலும் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும். சிமியோனுக்கும் தனி மாவட்டம் இல்லை. யூதாவின் பங்குக்குள்ளேயே சில ஊர்கள்.

இந்த இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தங்கை தீனாளை ஒருவன் கெடுத்ததற்காகச் சிமியோனும் லேவியும் சீகேம் ஊர் ஆண்களை வெட்டிச் சாய்த்தவர்கள். யாக்கோபு சாகும்போது இவர்களை இஸ்ரவேலில் சிதறடிப்பேன் என்றான். இரண்டு பேருமே சிதறினார்கள். லேவியின் சிதறல் ஊருக்கு ஊர் ஆசாரியர் என்ற மரியாதையானது. சிமியோன் யூதாவுக்குள் கரைந்துபோனான். முதல் கணக்கெடுப்பில் 59,300 ஆக இருந்த சிமியோன் இரண்டாவதில் 22,200. மோசே கடைசியாகக் கோத்திரங்களை ஆசீர்வதிக்கிற உபாகமம் 33இல் சிமியோனின் பெயரே இல்லை.

இப்போது அந்த ஐந்து பெண்கள். மனாசே கோத்திரத்தில் செலொப்பியாத் என்பவருக்கு ஆண் பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து மகள்கள். அப்பா செத்த பிறகு ஐந்து பேரும் மோசேயும் ஆசாரியனும் சபையாரும் இருக்கிற வாசலில் வந்து நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் ஏன் அழியவேண்டும், எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கடவுளிடம் போகிறார். அவர்கள் கேட்பது நியாயம் என்று தீர்ப்பு வருகிறது. கோத்திரத்துப் பெரியவர்களுக்கு உடனே ஒரு கவலை: இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் நிலமும் கூடவே போய்விடுமே? அதனால்தான் முன்பு சொன்ன சட்டம். நிலம் பெறுகிற பெண் தன் கோத்திரத்துக்குள்ளேயே கட்டவேண்டும். ஐவரும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையே கட்டிக்கொண்டார்கள். நம் வழக்கப்படி அண்ணன் தங்கை முறை. அங்கே அது முறையான கல்யாணம்.

அந்த மூன்றாவது சாட்சி இதுதான்: 1910இல் சமாரியாவில் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. எண்ணெயும் திராட்சரசமும் எந்த ஊரிலிருந்து வந்தன என்று குறித்த கி.மு. 8ஆம் நூற்றாண்டுப் பற்றுச்சீட்டுகள். அதில் வரும் இடப்பெயர்களில் நோவாளும் ஒக்லாளும் உண்டு, மனாசேயின் வேறு சில வம்சங்களின் பெயர்களும் உண்டு. அந்தப் பெண்களின் பெயர் மனாசே நிலத்தில் ஊர்ப்பெயராக வழங்கியிருக்கிறது.

தாண் கோத்திரத்துக்கு மேற்கே கடலோரப் பக்கம் பங்கு விழுந்தது. அங்கே காலூன்ற முடியாமல் வடக்கே போய், லாயீஸ் என்ற ஊரைப் பிடித்துத் தாண் என்று பெயர் மாற்றினார்கள். "தாண் முதல் பெயெர்செபா வரை" என்றால் நாடு முழுவதும் என்று அர்த்தம் வந்தது அப்புறம்தான்.

ஒன்றாக இருந்தார்களா?

எப்போதாவது. நியாயாதிபதிகள் 5இல் தெபொராளின் பாட்டு இருக்கிறது. பைபிளின் மிகப் பழைய கவிதைகளில் ஒன்று என்று கருதப்படுவது. போருக்கு வந்தவர்களைப் புகழ்ந்து, வராதவர்களைக் குத்திக்காட்டுகிறது. ரூபன் தொழுவத்தில் மந்தையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாண் கப்பலை விட்டு இறங்கவில்லை. ஆசேர் கடற்கரையில் இருந்துவிட்டான். யூதா, சிமியோன், லேவி பெயர்கள் புகழ்ச்சியிலும் இல்லை, வசவிலும் இல்லை. பட்டியல் பன்னிரண்டாக உறைவதற்கு முந்தைய காலத்தின் சுவடு என்று சிலர் இதைப் பார்க்கிறார்கள்.

பேச்சுகூட இடத்துக்கு இடம் வேறு. யோர்தானுக்குக் கிழக்கே வாழ்ந்த கீலேயாத்தாருக்கும் எப்பிராயீமுக்கும் சண்டை வந்தபோது, யோர்தான் துறையைக் கடக்க வருகிறவனிடம் 'ஷிபோலேத்' என்று சொல் என்றார்கள். எப்பிராயீமியனுக்கு 'ஷ' வராது, 'சிபோலேத்' என்றான். அங்கேயே வெட்டினார்கள். 'ழ' வராததற்குக் கிண்டல் வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சி கொஞ்சம் கூடுதலாகவே நடுக்கம் தரும். இன்னொரு சமயம் மற்ற கோத்திரங்கள் சேர்ந்து பென்யமீனை அடித்ததில் ஓடித் தப்பிய ஆண்கள் 600 பேர்தான். அடித்தவர்களே அப்புறம் "ஒரு கோத்திரம் அறுந்துபோகிறதே" என்று அழுது, அந்த 600 பேருக்குப் பெண் தேட அலைந்தார்கள். அந்தப் பெண்களை எப்படிப் பிடித்துவந்தார்கள் என்பது நியாயாதிபதிகள் 21இல் இருக்கிறது. படிக்க மனத்திடம் வேண்டும்.

அப்படி அழிய இருந்த பென்யமீனிலிருந்துதான் முதல் ராஜா சவுல் வந்தான். அடுத்து யூதாவிலிருந்து தாவீது. யாக்கோபு யூதாவைப் 'பாலசிங்கம்' என்று வாழ்த்தி, செங்கோல் அவனைவிட்டு நீங்காது என்றது இதோடு பொருத்திப் படிக்கப்படுகிறது. எருசலேம் நகராட்சியின் சின்னத்தில் இன்றும் சிங்கம்தான். தாவீதின் மகன் சாலொமோன் காலத்திலேயே கசப்பு வளர்ந்தது. அகியா தீர்க்கதரிசி எப்பிராயீமியனான யெரொபெயாமைத் தனியே சந்தித்து, புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்தை அவனிடம் கொடுக்கிறான். தாவீதின் வீட்டுக்கு ஒன்று மீதியாகும் என்கிறான். பத்தும் ஒன்றும் பதினொன்று! மிச்சத் துண்டு பென்யமீன் என்பார்கள் சிலர், லேவி என்பார்கள் சிலர். சால்வைக்கும் இந்தக் கணக்குத் தொல்லை விடவில்லை.

சுமார் கி.மு. 930இல் சாலொமோன் மகன் ரெகொபெயாம், வரிச்சுமையைக் குறைக்கச் சொன்ன மக்களிடம் என் சுண்டுவிரல் என் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன் என்கிற மாதிரி பேசப்போய், நாடு இரண்டானது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் வடக்கைப் பிடித்தார்கள். 27,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப்போனதாக அரசன் சர்கோன் கல்வெட்டில் பெருமையடிக்கிறான். 'காணாமல்போன பத்துக் கோத்திரங்கள்' என்ற பேச்சு இங்கிருந்து ஆரம்பம். தெற்கை கி.மு. 586 வாக்கில் பாபிலோன் எடுத்தது. ஆனால் பாரசீக அரசன் கோரேசு காலத்தில் இவர்களில் ஒரு பகுதி திரும்பி வந்தது. திரும்பி வந்தவர்கள் யூதா நாட்டார் என்பதால்தான் மொத்த இனத்துக்கும் 'யூதர்' என்ற பெயர் நின்றது.

வடக்கத்தியவர்கள் சுவடில்லாமல் மறைந்தார்களா? யூதாவின் எசேக்கியா ராஜா அனுப்பிய பஸ்கா பண்டிகை அழைப்பை ஏற்று ஆசேர், மனாசே, செபுலோனிலிருந்து சிலர் எருசலேம் வந்ததாக நாளாகமம் சொல்கிறது. குழந்தை இயேசுவை ஆலயத்தில் பார்க்கிற அன்னாள் என்ற வயதான தீர்க்கதரிசி ஆசேர் கோத்திரத்தாள் என்று லூக்கா பெயர் குறிப்பிட்டே எழுதுகிறார்.

புதிய ஏற்பாட்டிலும் குர்ஆனிலும்

இயேசு பன்னிரண்டு சீடர்களைத் தேர்ந்தது தற்செயல் இல்லை. நீங்கள் பன்னிரண்டு சிங்காசனங்களில் உட்கார்ந்து பன்னிரண்டு கோத்திரங்களை நியாயம் தீர்ப்பீர்கள் என்று அவரே சொல்கிறார். யூதாஸ் போனதும் முதல் வேலையாகச் சீட்டுப்போட்டு மத்தியாவைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிசெய்தார்கள். பவுல் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்று பெருமையாகச் சொல்கிறார். அவருடைய எபிரெயப் பெயரும் அந்தக் கோத்திரத்து ராஜாவின் சவுல் என்ற பெயரேதான். இயேசு யூதா கோத்திரம், அந்தக் கோத்திரத்துக்கு ஆசாரியத்துவம் இல்லை. அப்படியானால் அவரை எப்படிப் பிரதான ஆசாரியர் என்பது? எபிரெயர் நிருபம் லேவிக்கும் முந்தைய மெல்கிசேதேக் என்ற ஆசாரியனைத் துணைக்கு அழைத்து இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது.

கடைசியாக, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 7. கடவுளின் முத்திரை பெற்றவர்கள் கோத்திரத்துக்கு 12,000 பேர், மொத்தம் 1,44,000. பட்டியலில் முதலிடம் யூதாவுக்கு. லேவி உள்ளே. யோசேப்பும் உள்ளே, அவர் மகன் மனாசேயும் உள்ளே, எப்பிராயீம் பெயர் இல்லை. தாண் அடியோடு காணோம். தாண் ஊரில் யெரொபெயாம் வைத்த பொன் கன்றுக்குட்டிதான் காரணம் என்பார்கள். கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்து தாணிலிருந்து வருவான் என்பதால்தான் விடுபட்டது என்று 2ஆம் நூற்றாண்டிலேயே ஐரேனியஸ் என்ற கிறிஸ்தவ ஆயர் எழுதினார். நூலில் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இது அந்நியமில்லை. யஃகூப் நபியின் வழிவந்த பனூ இஸ்ராயீலைப் பன்னிரண்டு கூட்டங்களாகப் பிரித்ததையும், மூஸா நபி பாறையை அடித்ததும் பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட, ஒவ்வொரு கூட்டமும் தன் ஊற்றை அறிந்துகொண்டதையும் குர்ஆன் 7:160 சொல்கிறது.

இன்றைக்கு நான் இன்ன கோத்திரம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. கெரிசீம் மலையருகே வாழும் சமாரியர்கள் எப்பிராயீம், மனாசே, லேவி வழி என்கிறார்கள். எத்தியோப்பிய யூதர்களைத் தாண் வழியினர் என்று ரபி ஓவதியா யோசெப் 1973இல் தீர்ப்புச் சொன்னார். மணிப்பூர், மிசோரமில் மனாசே வழி என்று சொல்லிக்கொள்ளும் ப்னே மெனாஷே மக்களில் பலர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள். மற்றபடி யூதர்களுக்குத் தெரிந்த பிரிவு மூன்றுதான். சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் தோரா (மோசேயின் ஐந்து புத்தகங்கள்) வாசிக்க முதலில் ஆரோன் வழிவந்த ஒரு கோஹேனை அழைப்பார்கள், இரண்டாவது ஒரு லேவியரை. மூன்றாவதிலிருந்து யார் போனாலும் 'இஸ்ரவேல்' என்ற ஒரே கணக்கு.

அந்த வினாடி வினாவுக்கு வருகிறேன். எசேக்கியேல் 48ஐ எடுத்துப் பாருங்கள். வருங்காலத் தேசத்தைப் பங்கு பிரிக்கிற முதல் பாதியில் எப்பிராயீமும் மனாசேயும் இருக்கிறார்கள். அந்தப் பையனின் பட்டியல். நகரத்தின் பன்னிரண்டு வாசல்களுக்குப் பெயர் வைக்கிற கடைசி வசனங்களில் லேவியும் யோசேப்பும் இருக்கிறார்கள், என் பட்டியல். ஒரே தீர்க்கதரிசி, ஒரே அதிகாரம். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்த மார்க்கை விட்டிருக்கமாட்டேன்.